ஃபெயில் அண்ணாச்சியும் ஜெர்மன் சாவியும்

உலகத்தில் எதையுமே ‘நல்லா இருக்கு’ என்று சொல்லாமல் ஒரு மனிதன் நிம்மதியாக வாழ்ந்துவிட முடியும் என்பதற்குத் திருப்பூரில் ஓர் ஆதாரம் இருந்தது. மண்ணரையில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஃபைனல் செக்கிங் மேஜைக்குப் பின்னால், கழுத்தில் இஞ்ச் டேப்போடு அது உட்கார்ந்திருந்தது. பெயர் ஃபெயில் அண்ணாச்சி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அது யாருக்கும் தெரியாது. சம்பளக் கவர் மேலேயே ‘ஃபெயில் அண்ணாச்சி’ என்றுதான் எழுதியிருக்கும். அவரும் வாங்கிக்கொள்வார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தைத்து முடித்த டி-ஷர்ட்டை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, பொத்தல் இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. குறை இருக்கும் இடத்தைக் காட்ட, அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். எல்லா கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். மற்ற செக்கர்கள் சாயங்காலம் ஸ்டிக்கரை மேஜையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணாச்சி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

டீக்கடையில் விளிம்பு உடைந்த கிளாஸ் வந்தால் அம்பு. பஸ்ஸில் சீட் கிழிந்திருந்தால் அம்பு. எங்கள் கட்டிங் மாஸ்டர் மகன் கல்யாணத்தில் அண்ணாச்சி மணமகனோடு போட்டோவுக்கு நின்றார். ஆல்பம் வந்தபோது பார்த்தால், மாப்பிள்ளையின் கோட் தோள்பட்டையில் ஒரு சிவப்பு அம்பு. அதற்குப் பிறகு எடுத்த அத்தனை படத்திலும் மாப்பிள்ளை அந்த அம்போடுதான் சிரித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் சண்டைக்கு வந்தார். அண்ணாச்சி அசையவில்லை. “ஷோல்டர் எறங்கிக் கெடக்கு. ஒட்டாம என்னத்தச் செய்ய?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். ஒரு திங்கட்கிழமை நான் வாய் சும்மா இராமல், “நேத்து பிரசங்கம் எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“லெங்த் ஜாஸ்தி. அடியில நாலு இஞ்ச் வெட்டிப்புடணும்.”

ஃபெயில் என்று சொல்லத்தான் வாய் திறப்பார். பிடித்துப் போனால் ஒன்றும் சொல்லாமல் துணியை அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். ‘பாஸ்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து கம்பெனியில் ஒருவரும் கேட்டதில்லை. நான் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த முதல் நாள், புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் ரொம்ப மிடுக்காக எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். நல்ல கம்பெனி என்று நினைத்தேன். ராத்திரி சட்டையைக் கழற்றும்போது காலருக்குப் பின்னால் அம்பு இருந்தது.

அவரிடம் இன்னொரு பொறுப்பும் இருந்தது. சாம்பிள் பீரோ. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு துணியைப் பார்த்துச் சம்மதம் சொன்னால், அதே மாதிரி இன்னொன்றைப் பாலித்தீன் பையில் போட்டு, டேக் கட்டி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, சீல் வைத்துப் பீரோவில் பூட்டிவிட வேண்டும். அதுதான் சீல்டு சாம்பிள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. ஒப்பிட்டுப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கக் கூடாது.

எனக்கு முன்னால் இருந்த மெர்ச்சண்டைசர் போட்டுப் பார்த்துவிட்டார். அவர்கூட இல்லை, அவருடைய மச்சினன். சீலை உடைத்து டி-ஷர்ட்டை இவர் எடுத்துக்கொடுக்க, மச்சினன் அதைப் போட்டுக்கொண்டு ஊட்டிக்குப் போய், போட் ஹவுஸில் தண்ணீரில் விழுந்து, திரும்பி வந்தபோது அது வேறு கலரில் இருந்தது. அந்தக் கலரை வைத்து ஒரு ஆர்டர் முழுக்கச் சாயம் போட்டுவிட்டார்கள். கப்பலில் போன சரக்கு கப்பலிலேயே திரும்பி வந்தது.

அன்றைக்கு முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். காங்கேயத்துக்காரர். எண்ணெய் மில் குடும்பம். எங்கள் முதலாளியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மனது நன்றாக இருந்தால் ‘வா கண்ணு, போ கண்ணு’ என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். எவ்வளவு கோபமோ அவ்வளவு ‘ங்க’. அன்றைக்கு ஒரு வார்த்தைக்கு ஒரு ‘ங்க’ போட்டார். “சாமிகளா, கேட்டுக்கங்க. இனிமே சீல் வெச்ச சாம்பிள நானே நேர்ல வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுங்க. புரிஞ்சுதுங்களா?”

மற்றவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி அதைச் சட்டம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து முதலாளியே மறந்துபோய், யாருக்கோ காட்ட ஒரு சீல்டு சாம்பிளைக் கேட்டார். அண்ணாச்சி பீரோ முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். முதலாளிக்குப் புல்லரித்துவிட்டது. முதுகில் தட்டிக்கொடுத்து, சம்பளத்தையும் ஏற்றினார். தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வருஷம்தான் கார் வந்தது. அதுவரை முதலாளியிடம் இருந்தது அப்பா காலத்து அம்பாஸடர். ஜெர்மனியிலிருந்து பெரிய பையர் ஒருவர் வருவதாகப் பேச்சு எழுந்தது. ஜெர்மன்காரரைக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து ஜெர்மன் காரில் அழைத்துவர வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு புரோக்கர் மூலமாக, யாரோ இறக்குமதி செய்து ஓட்டிய பழைய கார் ஒன்றை வாங்கினார். கறுப்பு நிறம். கியர் தானாக மாறும். கதவைச் சாத்தினால் சத்தமே வராது. ஒரே சாவிதான் கொடுத்தார்கள். இன்னொரு சாவியைக் கூரியரில் அனுப்புவதாகப் புரோக்கர் சொன்னார்.

சாவி வரவில்லை. “அனுப்பியாச்சுங்க” என்று புரோக்கர் போனில் சத்தியம் செய்தார். முதலாளி போனை வைத்துவிட்டு, “புரோக்கர் பேச்ச நம்புனா நாமதாங்க பைத்தியக்காரன்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கார் ஓட்டக் கருப்புசாமியை வைத்தார். வெள்ளகோவில்காரர், சாதுவான மனிதர். காரை நம்பி ஊரில் இருந்த மனைவியையும் மகளையும் மண்ணரைக்குக் கூட்டிவந்து, லைன் வீடு பிடித்து, குழந்தையை ஸ்கூலில் சேர்த்தார். கை நிறைய பனியன் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துணி, எடுத்துவைத்துக்கொண்டு காரைத் துடைத்துக்கொண்டே இருப்பார். நின்றால் துடைப்பார். கிளம்பும்முன் துடைப்பார். கார் பெயிண்ட் தேய்ந்துவிடும் என்று நான் பயந்தேன்.

பையர் வரத் தேதி சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து இருந்த ஒரே சாவி தொலைந்தது.

எப்படித் தொலைந்தது என்பதில் இரண்டு கட்சி. கருப்புசாமி சாவியை முதலாளி கையில் கொடுத்ததாகச் சொன்னார். முதலாளி வாங்கவே இல்லை என்றார். சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பேக்கிங் செக்‌ஷனில் பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்ப்பது முதலாளியின் பழக்கம். அன்று சாயங்காலமே அந்தப் பெட்டிகள் தூத்துக்குடிக்கு லாரி ஏறிவிட்டன. எனக்கு ஒரு யூகம் உண்டு. ஏதோ ஒரு ஜெர்மன் குழந்தையின் ஜட்டிக்குள் அந்தச் சாவி சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் சம்பளம் வாங்குகிறவன் யூகத்தை வெளியே சொல்லக் கூடாது.

கார் ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கியர் பூட்டிக்கொண்டதால் தள்ளவும் முடியவில்லை. எல்லோரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி உள்ளே போனோம்.

கோயமுத்தூரில் கம்பெனி ஷோரூமில் கேட்டேன். ஜெர்மனிக்கு எழுதித்தான் சாவி வரவழைக்க வேண்டுமாம். பழைய ஓனர் பாஸ்போர்ட் காப்பி வேண்டுமாம். வர இரண்டு மாதமாவது ஆகுமாம். பையர் வர இரண்டு வாரம்கூட இல்லை. முதலாளி கருப்புசாமியைக் கூப்பிட்டார். “கருப்புசாமிங்க, பையர் வர்றதுக்குள்ள வண்டி ஓடோணுமுங்க. ஓடலீன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க” என்றார். நாலு ‘ங்க’. கருப்புசாமி முகம் செத்துவிட்டது. வெளியே போய் ஓடாத காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரை நான் போய் அழைத்துவந்தேன். அவர் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “பூட்டு எந்த ஊரா இருந்தா என்னங்க, தொறக்கறதுதானுங்க அதும் பொழப்பு” என்று தைரியமாக உட்கார்ந்தார். அரத்தால் ராவினார், நுழைத்துப் பார்த்தார், மறுபடி ராவினார். மத்தியானத்துக்கு ஒரு சாவி தயார். கதவில் போட எழுந்தார்.

அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். “மொத சாம்பிளா? குடும்.”

“ஏனுங்க, இது சாவிங்க. பனியன் இல்லீங்களே.”

“எதுவா இருந்தா என்னவே? செக் பண்ணாம போடப்பிடாது.”

சாவியை வாங்கிக்கொண்டு சாம்பிள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீ குடிக்கிற நேரம் கழித்து வெளியே வந்தார். சாவியில் மூன்று சிவப்பு அம்பு.

“ஃபெயில். ரெண்டாவது வெட்டு ஆழம் பத்தாது. நுனி தடிமனா கெடக்கு. கலர் ஷேடும் ஒத்துவரல.”

சாவிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். போட்டுப் பார்த்தால், கதவு திறக்கவில்லை. அண்ணாச்சி சொன்ன இடத்தில் ராவி, இரண்டாவது சாம்பிள் கொடுத்தார். உள்ளே போனது, இரண்டு அம்போடு வந்தது. மூன்றாவது சாம்பிளில் ஒரே ஒரு அம்பு, அதுவும் ஷேடுக்கு. அந்தச் சாவியைப் போட்டதும் கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது. தையல் லைனிலிருந்து கைதட்டினார்கள். சாவிக்காரருக்கு மட்டும் சந்தோஷம் இல்லை.

“ஏனுங்க, நான் பூட்டுக்குள்ள விட்டுப் பாத்தும் தெரியாதது, அந்தப் பெரியவருக்கு ரூமுக்குள்ள உக்காந்துட்டு எப்பிடீங்க தெரியுது?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அண்ணாச்சி கை அப்படி என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் கேள்வியை நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கருப்புசாமி சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருகினார். விளக்கு எரிந்தது. இன்ஜின் கிளம்பவில்லை. மறுபடி திருகினார். என்னவோ மஞ்சளாக மினுக்கியது, அவ்வளவுதான்.

“அப்பமே சொன்னம்லா, ஃபெயிலுன்னு” என்றார் அண்ணாச்சி.

சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கும், அதை கார் அடையாளம் கண்டுகொண்டால்தான் கிளம்பும் என்று மறுநாள் கோயமுத்தூரிலிருந்து லேப்டாப்போடு வந்தவர் சொன்னார். வயரை மாட்டினார். கீ போர்டில் கொஞ்சநேரம் தட்டினார். கார் திடீரென்று ஊளையிட ஆரம்பித்தது. ஊரே கேட்கும் சத்தம். அது லஞ்ச் சைரன் என்று நினைத்துத் தையல் லைன் மொத்தமும் எழுந்து சாப்பிடப் போய்விட்டது. மணி பத்தரை. பாட்டரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் கார் வாய் மூடியது. லேப்டாப்காரர் பஸ் ஏறினார். தையல் லைன் திரும்பி வந்து, உண்மையான லஞ்சுக்கு இன்னொரு முறை போனது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வேறு வேறு சிப் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு சாவியும் சாம்பிள் ரூமுக்குள் போய், ஃபெயில் ஆகி வெளியே வந்தது. கருப்புசாமி தினமும் வந்து காரைத் துடைத்தார்.

பையர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், முதலாளி ஒரு வாடகைக் காருக்குச் சொல்லச் சொன்னார். பிறகு கருப்புசாமியை உள்ளே கூப்பிட்டார். நானும் அண்ணாச்சியும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

“கருப்புசாமிங்க, நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க. கணக்கு முடிச்சு வாங்கிட்டுப் போயிருங்க.”

“சரீங்க மொதலாளி” என்றார் கருப்புசாமி. கெஞ்சியிருந்தால்கூடப் பார்க்கச் சகித்திருக்கும். நேரே வெளியே போனார். கணக்கு வாங்கப் போகிறார் என்று பார்த்தால், பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு கார் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு மூலையில் பறவை எச்சம் இருந்தது போலிருக்கிறது. அதை எச்சில் தொட்டு, நகத்தால் சுரண்டி, துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கை இஞ்ச் டேப்பைச் சுருட்டியது, பிரித்தது, சுருட்டியது. பிறகு விறுவிறுவென்று சாம்பிள் ரூமுக்குப் போனார். திரும்பி வந்து முதலாளி மேஜையில் ஒரு பாலித்தீன் பையை வைத்தார். சீல் உடைந்திருந்தது. உள்ளே கறுப்புத் தலையோடு ஒரு சாவி.

“மொதலாளி, இந்தச் சாவி பாஸ்” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்ட அதிர்ச்சியில், சாவி என்றதை நான் கவனிக்கவே இல்லை.

“இது ஏதுங்க அண்ணாச்சி?”

“சீல்டு சாம்பிளு. ஆடி மாசமே கூரியர்ல வந்துட்டு. கூரியர்ல வந்தா ஒரிஜினல் சாம்பிள்தான? செக் பண்ணி, டேக் கட்டி, உங்கட்ட கையெழுத்து வாங்கி உள்ள வச்சேன்.”

முதலாளி டேக்கைத் திருப்பினார். அவருடைய கையெழுத்து. கட்டுக் கட்டாக வரும் டேக்கில் போனில் பேசிக்கொண்டே போடுகிற அதே கையெழுத்து. ஸ்டைல் என்ற இடத்தில் ‘சாவி’, கலர் என்ற இடத்தில் ‘கறுப்பு’, சைஸ் என்ற இடத்தில் ‘ஃப்ரீ சைஸ்’ என்று அழகாக எழுதியிருந்தது. பஸ் ஸ்டாண்ட் சாவிக்காரர் கேட்ட கேள்விக்கு எனக்கு அப்போதுதான் விடை தெரிந்தது. வந்த சாவியையெல்லாம் மனிதர் இதோடு வைத்துத்தான் ஒப்பிட்டிருக்கிறார்.

“இத்தன நாளு ஏனுங்க சொல்லல?”

“நீங்கதான மொதலாளி சொன்னிய? நானே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு.”

“நான் கேக்கவே இல்லீங்களே சாமி!”

“அதான் மொதலாளி. கேட்டாலே குடுக்கப்பிடாது. கேக்காதப்பம் எப்படிக் குடுக்க?”

எங்கே பிடித்து மறுப்பது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. கடைசியில், “அப்ப இப்ப மட்டும் எதுக்குங்க எடுத்துக் குடுத்தீங்க?” என்று கேட்டார்.

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்தார். வெளியே கருப்புசாமி பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவம் பிள்ள இப்பதான் ஸ்கூல்ல சேந்துருக்கு மொதலாளி” என்றார். குரல் என்னவோ மாதிரி இருந்தது. “ஆனா சீல உடச்சது உடச்சதுதான்.”

சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்தார். தன் நெஞ்சின் மேல், அம்பு மேலே தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒட்டிக்கொண்டார்.

“ஃபெயில்” என்று சொல்லிவிட்டு, இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

முதலாளி அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து அண்ணாச்சி கழுத்தில் அவரே போட்டுவிட்டார். சாவியோடு ஜன்னலுக்குப் போய், “கருப்புசாமி, பாட்டரி வயர மாட்டிட்டு வண்டிய எடு கண்ணு!” என்று கத்தினார்.

‘ங்க’ போய்க் ‘கண்ணு’ வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது.

கார் முதல் திருகலிலேயே கிளம்பியது. “இனிமே சீல்டு சாம்பிள...” என்று புதுச் சட்டம் ஒன்றை முதலாளி ஆரம்பித்தார். அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அதைப் பார்த்ததும் முதலாளி வாயைக் கப்பென்று மூடிக்கொண்டு, “நான் ஒண்ணும் சொல்லலீங்க சாமி” என்று உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வரை அண்ணாச்சி அந்த அம்போடுதான் வேலை பார்த்தார். எடுக்கச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. வேலை முடிந்ததும், வண்டியை ஓட்டிப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று கருப்புசாமி அவரைக் காரில் கொண்டுபோய் விட்டார். நானும் தொற்றிக்கொண்டேன். அண்ணாச்சி பின்சீட்டில், குற்றவாளி மாதிரி, சாயாமல் உட்கார்ந்திருந்தார். கருப்புசாமி கண்ணாடி வழியாக அவரைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார். நன்றி என்று சொல்லவும் தெரியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

பாதி வழியில் அண்ணாச்சி விரல் சீட்டின் ஓரத்தில் நகர்ந்தது. நின்றது. குனிந்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“ஏ கருப்பு, வண்டிய ஓரங்கட்டு.”

“ஏனுங்ணா? என்னாச்சுங்க?”

“தையலு ஒரு எடத்துல ஸ்கிப் ஆயிருக்குடே. இவ்வளவு பெரிய காரு. ஜெர்மன்காரன் கோட்டைய விட்டுட்டானே!”

குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது. பைக்குள் கையை விட்டார். ஸ்டிக்கர் தீர்ந்துபோயிருந்தது. ஒரு விநாடி யோசித்தார். பிறகு தன் நெஞ்சில் இருந்த அம்பை உரித்து, அந்தச் சீட்டில் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டார். அப்புறம்தான் சாய்ந்து உட்கார்ந்தார். கருப்புசாமி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். நிமிர்ந்தபோது பனியன் வேஸ்ட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஜெர்மன் பையர் அந்த அம்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். முதலாளி அதைப் பார்த்தார், எடுக்கச் சொல்லவில்லை. காரை விற்கும்வரை அது அங்கேயே இருந்தது.

நான் திருப்பூரை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே போய்வந்தால், கழற்றும்போது காலருக்குப் பின்னால் கை தானாகப் போய்த் தடவிப் பார்க்கிறது. ஒன்றும் இருப்பதில்லை. அண்ணாச்சி பார்க்காத சட்டையை எப்படித்தான் நம்பிப் போடுவது?